செல் வைக்கிற காலம்

எனக்குப் பதினைந்து வயதில் சர்க்கரைத் தீனம் வந்தது. எங்கள் பக்கத்தில் நோயைத் தீனம் என்றுதான் சொல்வோம். வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை இது. கணையம் இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திவிடுகிற வகை. ஊசி இல்லாவிட்டால் ஆள் இல்லை. மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து, திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். வீட்டுக்குத் திரும்பிய அன்று அம்மா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்.

“மக்கா, இது நமக்குள்ள இருக்கட்டு. ஆரிட்டயும் சொல்லப்பிடாது. கேட்டா வயித்துல புண்ணுண்ணு சொல்லு.”

அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். பாறசாலைக்கு மேற்கே, ரயில் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆகவே ‘நமக்குள்ள’ என்றால் அவளும் நானும்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்து வந்த வருடங்களில் தினமும் காலையில் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்கவைத்து எடுத்துத் தந்தவள் அவள்தான். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. ஒரு மண்பானையில் தண்ணீர் நிறைத்து, பிளாஸ்டிக் கவரில் கட்டிய இன்சுலின் குப்பியை அதற்குள் இறக்கி, அரிசி வைக்கிற அறையின் இருட்டு மூலையில் வைத்திருந்தாள். யாராவது வந்து தண்ணீர் கேட்டால் அந்தப் பானைப் பக்கம் போய்விடாமல் முந்திக்கொண்டு ஓடுவாள்.

பாறசாலையில் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் போளியும் பால்பாயசமும் வந்தன. எங்கள் பக்கத்தில் போளியைப் பிய்த்துப் பாயசத்தில் பிசைந்து சாப்பிடுவார்கள். நான் இலையை மடக்கப் போனபோது எதிரே இருந்த ஒரு அத்தை, “என்ன பிள்ளே, பாயசம் வேண்டாமா?” என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சாப்பிட்டேன். இரண்டாம் தடவை விட்டதையும் சாப்பிட்டேன். அன்று சாயங்காலம் சோதனைக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினேன். வீட்டில் சர்க்கரை பார்க்க அப்போது அதுதான் வழி. நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. அது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாகி அடியில் படிந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

இப்படியே படித்து முடித்தேன். விலங்கியலில் பட்டம் வாங்கி, தனுவச்சபுரத்தில் ஒரு பாரலல் காலேஜில் பாடம் எடுக்கச் சேர்ந்தேன். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற இடம் அது. கணையத்தைப் பற்றிய பாடம் வரும்போது கரும்பலகையில் படம் வரைவேன். கணையத்துக்குள் சின்னச் சின்னத் தீவுகள் மாதிரி சில திட்டுகள் உண்டு, அவற்றில்தான் இன்சுலின் சுரக்கிற செல்கள் இருக்கின்றன என்று சொல்வேன். என்னுடைய தீவுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாறசாலையிலிருந்து காலைப் பாசஞ்சரில் ஏறிப் போவேன். காலேஜில் ‘அம்மாவுக்கு மருந்து வாங்கப் போகிறேன்’ என்று சொல்லிவிடுவேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, ஊசியை நானே போட்டுக்கொண்டு, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் பார்த்தேன், இட்லிப் பாத்திரம் பையில் இல்லை. ரயிலிலேயே விட்டுவிட்டேன். கேன்டீனில் நீளமான வரிசை. வரிசையில் நிற்கும்போதே காது அடைத்தது, முதுகில் வியர்வை வழிந்தது. எனக்கு முன்னால் நின்றவரின் சட்டைக் கட்டங்கள் கலங்கிப் போயின.

யாரோ என் தாடையைப் பிடித்து வாய்க்குள் எதையோ திணித்தார்கள். நாரங்கா மிட்டாய். அப்புறம் இன்னொன்று.

“கடிச்சு முழுங்கு. சப்பாண்டாம், கடி,” என்றது ஒரு குரல். “ஊசி போட்டுட்டு ஒண்ணும் தின்னல்ல இல்லியா? சர்க்கரை ஒரேயடியா எறங்கிப் போச்சு. எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சு.”

கண் தெளிந்தபோது என்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு. வெள்ளைப் பருத்திச் சேலை, தடித்த கண்ணாடி. அவள் பேச்சைக் கேட்டதுமே எங்கள் பக்கத்து ஆள் என்று புரிந்துவிட்டது.

“அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சு?”

“எனக்கும் இந்தத் தீனம் தான் மக்கா. பத்தொம்பது வயசுல வந்தது.”

அவள் வீடு குளத்தூரில். பழைய மிஷன் சபைக் குடும்பம். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள், ஞாயிறுகளில் சபைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவாள். அதே காலைப் பாசஞ்சரில்தான் பாறசாலையில் ஏறி அவளும் வருகிறாள். இத்தனை மாதம் ஒரே ரயிலில் வந்திருக்கிறோம், தெரியவில்லை.

திரும்பி வரும்போது சேர்ந்து வந்தோம். எத்தனை யூனிட் போடுகிறாய், தொடையிலா வயிற்றிலா, ஊசி போட்ட இடம் குழிந்து போயிருக்கிறதா என்று பேசிக்கொண்டே வந்தோம். எட்டு வருடத்தில் அம்மாவையும் டாக்டரையும் தவிர வேறொருவரிடம் நான் அதைப் பேசியது அன்றுதான். நெய்யாற்றின்கரை தாண்டியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்குத் தீனம் இருப்பது குளத்தூரில் எல்லோருக்கும் தெரியும். அவளோடு என்னைப் பார்த்தால், ஆஸ்பத்திரிச் சகவாசம் என்று என்னையும் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நெளிந்தேன். அவளே சொன்னாள்.

“ஒனக்கு இன்னும் கலியாணம் ஆகல்லியே. நீ அந்தப் பெட்டிக்குப் போ. இனி வரும்போ நெய்யாற்றின்கரை கழிஞ்ச பொறகு எனக்க பக்கத்துல வா. அது மதி, போதும்.”

நான் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது. ஆனால் அப்போது அதுதான் எங்கள் ஏற்பாடாக ஆனது. பாறசாலைப் பிளாட்பாரத்தில் அவள் ஒரு முனையில், நான் ஒரு முனையில். கண் சந்தித்தால் திருப்பிக்கொள்வோம். தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை. அதற்குப் பிறகுதான் நான் அவள் இருக்கைக்குப் போவேன். திரும்பும்போது அதே இடத்தில் பிரிவோம்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் அவள் கைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்தாள். மலையாளப் பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கம்.

“நீ சயன்ஸ் படிச்சவளாக்கும். இது நெசமாண்ணு வாசிச்சுச் சொல்லு.”

வாசித்தேன். வெளிநாட்டில், இறந்துபோனவர்களின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கிற திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, எங்களைப் போன்ற தீனக்காரர்களின் ஈரலுக்குப் போகிற ரத்தக்குழாய் வழியே செலுத்திப் பார்க்கிறார்களாம். அவை ஈரலில் தங்கி இன்சுலின் சுரந்தால் ஊசி வேண்டாம். அவளுக்குப் புரிகிற மாதிரி இரண்டு தடவை சொன்னேன்.

“அப்போ செல்லைக் கொண்டு உள்ள வைக்கியாவ.”

“ஆமா.”

“செல் வைக்கிற காலம் வரட்டு,” என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நீ முதல்ல என்ன செய்வ?”

நான் செங்கவருக்கைப் பலாச் சக்கையை வயிறு முட்டத் தின்பேன் என்றேன். பாயசத்தில் போளி போட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்காமல் சாப்பிடுவேன் என்றேன். அவள் சிரித்தாள்.

“எனக்குத் தின்ன ஒண்ணும் வேண்டாம். ஒரு நாள் முழுக்க மணி என்னாச்சுண்ணு பாக்காம இருக்கணும்.”

அந்தத் துண்டை எங்கள் டாக்டரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர், நோயாளி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்புகிறவர் இல்லை. மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். வேறொருவரின் செல்லை உடம்பு சும்மா விடாது, தாக்கும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க வேறு மருந்து சாப்பிட வேண்டும், அந்த மருந்துக்கென்று தனிக் கேடுகள் உண்டு. வைத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச நாளில் செல்கள் செத்து, மறுபடியும் ஊசிக்கே வந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு வைக்க ஒன்றுக்கு மேற்பட்ட கணையங்கள் வேண்டியிருக்கிறது. “ஒரு பத்து வருஷம் ஆகும் மோளே,” என்றார். “அதுவரைக்கும் கிட்னியையும் கண்ணையும் காப்பாத்தி வை. செல் வரும்போது வைக்கிறதுக்கு நீ இருக்கணும் இல்லையா?”

நான் வெளியே வந்து அவளிடம் பத்து வருடம் என்பதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். “எனக்கு நாப்பத்தொண்ணு ஆகும். பரவாயில்ல.”

அவள் கல்யாணம் ஆனவள் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரு மழை நாளில் பாலராமபுரத்தில் ரயிலை வெகுநேரம் நிறுத்திப் போட்டிருந்தார்கள். ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ அங்கே போனது. தீனத்தை மறைத்துத்தான் அவளையும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் வீட்டில் ஊசியை ஒளித்து ஒளித்துப் போட்டிருக்கிறாள். சில நாள் போடவே முடியாது. எட்டாம் மாதம் வயிற்றில் பிள்ளை அசைவது நின்றுவிட்டது.

“ஒருக்காதான் கண்டேன். ஆம்பிளைப் பிள்ளை. நல்லா தடிச்ச குஞ்சு மக்கா. சர்க்கரைத் தீனம் உள்ளவளுக்க குஞ்சு தடிச்சுதான் இருக்குமாம், டாக்டர் பொறகு சொன்னாரு. பாத்தா தூங்குற மாதிரி தான் இருந்துது.”

ஆஸ்பத்திரியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அங்கிருந்தே, இறந்த பிள்ளையோடு, அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷன் அப்புறம் வரவில்லை.

“அவிய மேல எனக்குக் கோவம் இல்ல,” என்றாள். “சொல்லாம போனது நான் தானே.”

ரயில் நகர்ந்தது. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; மின்சார ஆபீசில் வேலை செய்கிற ஒருவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதை அவளிடம் அன்று நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அலங்கரித்துக்கொண்டே சொன்னாள்: “ஒரு பிள்ளை ஆன பொறகு மெல்ல தெரிஞ்சா மதி. அப்போ விட்டுட்டா போவான்?” அவர்கள் வந்தார்கள், காப்பி கொடுத்தேன், பெரியவர்கள் எங்கள் இருவரையும் பேசச் சொல்லி முற்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் என்ன படம் பிடிக்கும் என்று கேட்டார். நான் சொன்னேன்: “எனக்குச் சர்க்கரைத் தீனம் உண்டு. தினமும் ரெண்டு ஊசி. பதினஞ்சு வயசுல இருந்து.”

அவர் செம்பருத்திச் செடியைப் பார்த்தார். “பிள்ளைகளுக்கும் வருமா?” என்று கேட்டார். வர வாய்ப்பு கொஞ்சம் உண்டு, வராமலும் இருக்கலாம் என்றேன். “சொன்னதுக்கு நன்றி,” என்றார். கெட்டவர் இல்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று மூன்றாம் நாள் ஆள் சொல்லி அனுப்பினார்கள். உண்மைக் காரணத்தை அவர் வெளியே விடவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள்.

“எனக்க எட்டு வருசத்த நீ ஒரு நிமிசத்துல கொண்டு களைஞ்சியே.”

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஊசி மட்டும் வழக்கம்போல் கொதித்து, வெள்ளைத் துணியில் சுற்றி மேசையில் இருக்கும். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் சத்தமே இல்லாத நாட்கள் அவை. காலேஜில் தொண்டை கட்டப் பேசிவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாயை மூடிக்கொள்வேன்.

அடுத்த வியாழக்கிழமை பாறசாலை ஸ்டேஷனுக்குப் போனதும் நேராக அந்த அக்கா நின்ற முனைக்கு நடந்தேன். அவள் பதறிப்போனாள்.

“எட்டி, என்ன செய்யுத? அங்கோட்டு போ. ஆளு பாக்கும்.”

“பாக்கட்டு,” என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள். அப்புறம் வந்த மூன்று வருடங்கள் அப்படித்தான் போனோம். வந்த வரன்களிடமெல்லாம் நான் சொன்னேன். வரன்கள் நின்றன.

தொண்ணூறுகளின் கடைசியில், வாசகசாலையில் ஒரு ஆங்கில வார இதழில் வேறொரு செய்தி படித்தேன். கரு உருவான முதல் சில நாட்களில் இருக்கிற செல்கள் எதுவாகவும் மாறக் கூடியவை. அவற்றை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வழி கண்டிருக்கிறார்கள். ஒரு நாள் அவற்றை இன்சுலின் சுரக்கிற செல்களாக மாற்றி, வேண்டிய மட்டும் உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று எழுதியிருந்தது. இறந்தவர்களின் கணையத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கிழிக்க முடியாது என்பதால் முழுவதையும் நோட்டில் எழுதி எடுத்தேன். ஸ்டெம் செல் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவளிடம் சொல்ல எனக்குத் தயக்கம். கரு என்று வருகிறதே. ஆனால் நோட்டைப் பார்த்ததும் அவளே கேட்டுவிட்டாள்.

“செல்லைப் பத்தியா? சொல்லு.”

சொன்னேன். பிள்ளையில்லாதவர்களுக்காக ஆஸ்பத்திரியில் உண்டாக்கி, மீந்துபோன கருக்கள் என்றேன். ஊசிமுனை அளவுகூட இல்லை, கை கால் ஒன்றும் கிடையாது என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. நேமம் வந்து போனது.

“எங்க சபையில இது சரியில்லண்ணு தான் சொல்லுவாவ,” என்றாள். அப்புறம், “ஆனா எனக்க குஞ்சுக்க செல்லை அண்ணைக்குக் கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன். ஒண்ணும் இல்லாம மண்ணுக்குள்ள வச்சதுக்கு, இன்னொருத்தருக்க உள்ள அது இருந்திருக்கும் இல்லியா?”

எட்டு மாதக் குழந்தையிலிருந்து அந்தச் செல்லை எடுக்க முடியாது. கருவின் முதல் சில நாட்களில்தான் அது உண்டு. விலங்கியல் சொல்லித் தருகிற எனக்கு அது தெரியும். நான் திருத்தவில்லை.

“ஒனக்குக் குடுக்கச் சொல்லியிருப்பேன்,” என்றாள்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் அவள் ஒரு நாள் உற்சாகமாக வந்தாள். இன்சுலின் குறைந்துகொண்டே வருகிறதாம். முப்பத்தாறு யூனிட் போட்டவளுக்கு இப்போது பாதி போதுமாம். அதற்கு மேல் போட்டால் மயக்கம் வருகிறதாம். “ஒருவேளை எனக்க செல்லு தானா முளைக்குதா?” என்று கேட்டாள். எனக்கும் அப்படி இருக்கக் கூடாதா என்றிருந்தது. டாக்டர் அதைக் கேட்டுவிட்டு அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் எடுத்த இடம் குழியாகவே நின்றது. சிறுநீரகம் கெடும்போது உள்ளே போன இன்சுலின் வெளியேறாமல் தங்கிவிடும், அதனால்தான் குறைவாகப் போதுகிறது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது ரயிலில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதோடு எங்கள் ரயில் பயணம் நின்றது. அண்ணன் அவளை டயாலிசிசுக்கு வண்டி வைத்துக் கூட்டிப் போகத் தொடங்கினார். வியாழக்கிழமைகளில் நான் தனியே போனேன். பிளாட்பாரத்தில் அந்த முனையிலேயே போய் நிற்பேன். பேச ஆள் இல்லாமல் திருவனந்தபுரம் அத்தனை தூரம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் சாப்பாட்டின் போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அந்தக் குளத்தூர்க்காரிக்கு இப்போ எப்படி உண்டு?”

அவளைப் பற்றி அம்மாவிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “போய்ப் பாத்துட்டு வா.”

போனேன். குளத்தூரில் அவள் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. அண்ணன் மனைவி கதவைத் திறந்து, “நீங்க ஆரு?” என்று கேட்டாள். “ஆஸ்பத்திரியில பரிச்சயம்,” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். முகம் வீங்கி, நிறம் மாறியிருந்தது. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“செல்லைப் பத்தி புதுசா என்ன உண்டு?”

புதிதாக ஒன்றும் இல்லை. வாசகசாலையில் தேடிப் பார்த்திருந்தேன். ஆனால் அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிவைத்துக் காத்திருந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். கருச் செல்லிலிருந்து இன்சுலின் செல்லை உண்டாக்கிவிட்டார்கள் என்றேன். கொஞ்சம் பேருக்கு வைத்துப் பார்த்தார்களாம், ஊசி நின்றுவிட்டதாம், இங்கேயும் சீக்கிரம் வரும் என்றேன்.

“எங்க வைப்பாவ? வயித்துலயா?”

“இல்ல, ஈரல்ல.”

“வலிக்குமா?”

“ஒரு ஊசி குத்துற மாதிரிதான்.”

அவள் விலாவில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “நீ சரியா பொய் சொல்லப் படிக்கல்ல மக்கா. பொய் சொல்லும்போ ஒனக்க குரலு வகுப்பெடுக்குத மாதிரி ஆவுது.”

எனக்கு அழுகை வந்தது. அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“பரவாயில்ல. இன்னும் சொல்லு. வச்ச பொறகு அவிய என்ன செஞ்சாவ?”

நான் சொன்னேன். அவர்கள் காலையில் எழுந்து, மணி பார்க்காமல், பசித்தபோது சாப்பிட்டார்கள் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

அன்று நான் கட்டிச் சொன்ன செய்தி பல வருடங்களுக்குப் பிறகு ஏறக்குறைய நடந்துவிட்டது. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களை ஈரலுக்குள் செலுத்தி, சிலருக்கு ஊசி நின்றிருப்பதாகச் சமீபத்தில் படித்தேன். வெளியிலிருந்து வந்த செல்லை உடம்பு தாக்காமலிருக்க அவர்களும் மருந்து சாப்பிடத்தான் வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் எப்போது வரும் என்று என் இப்போதைய டாக்டரிடம் கேட்டதற்கு, இளம் பெண், கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரு பத்து வருஷம் ஆகலாம்,” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லி விளக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த அக்கா இறந்தது எனக்கு உடனே தெரியாது. அந்த வீட்டில் என் பெயரோ விலாசமோ யாரிடமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அவளைப் பார்க்கலாம் என்று போனேன். ஜன்னலோரக் கட்டில் அங்கே இல்லை. அண்ணன் மனைவி என்னை அடையாளம் கண்டு, “நீங்க அறியல்லியா?” என்று கேட்டாள். தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். கடைசி மூன்று நாள் நினைவே இல்லையாம். அதற்கு முன் ஒரு தடவை, ஆஸ்பத்திரிப் பிள்ளை வந்தாளா என்று கேட்டாளாம். “ஆருண்ணு எங்களுக்கு மனசிலாகல்ல,” என்றாள். அவள் மேல் தப்பில்லை.

சபைக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அண்ணன் மனைவியே கூட வந்து இடத்தைக் காட்டிவிட்டு, அடுப்பில் அரிசி கிடக்கிறது என்று திரும்பிப் போனாள். மண் இன்னும் தாழவில்லை. பக்கத்தில் ஒட்டினாற்போல், புல் மூடிய சின்ன மேடு ஒன்று இருந்தது. யாரும் சொல்லாமலேயே அது யார் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே நின்றேன். அவளுடைய சபை ஆட்கள் சொல்கிற ஜெபம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சொல்வதை அங்கே சொல்லலாமா என்றும் தெரியவில்லை. அவள் எனக்குச் சொந்தமில்லை. தோழி என்றால் நடுவழியில்தானே சந்தித்துக்கொண்டிருந்தோம். அழுகிற உரிமை எனக்கு எவ்வளவு என்று நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கை நடுங்கத் தொடங்கியது. காலை ஊசி போட்டுவிட்டு வந்தவள், சாப்பிடுகிற நேரம் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நிற்க முடியாது. மதிலோரம் நிழலில் உட்கார்ந்து பையைத் திறந்து, அம்மா வைத்துத் தந்திருந்த மூன்று இட்லிகளையும் அவசரமாக, அழுதுகொண்டே சாப்பிட்டேன். சாலையில் சைக்கிளில் போன ஒருவர் காலூன்றி நின்று, கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற என்னை வினோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.